யார் தலையின் வடிவம்?

மாரத்தான் காலணிகளைப் பற்றி நான் எழுதியபோது கோபித்துக்கொண்ட வாசகர் இந்த வாரம் மறுபடியும் எழுதியிருக்கிறார். பாலியூரிதேன் நீச்சலுடையில் படைத்த சாதனைகளையெல்லாம் ஏட்டிலிருந்தே அடித்துவிட வேண்டும் என்கிறார். உடைக்குத் தடை, சாதனைக்கு மட்டும் மரியாதையா என்று கேட்கிறார்.

கேட்க வேண்டிய கேள்விதான். 2008 பிப்ரவரியில் ஸ்பீடோ நிறுவனம் எல்.இசட்.ஆர். ரேசர் உடையைக் கொண்டுவந்தது. அதன் துணியை நாசாவின் காற்றுச் சுரங்கத்தில் சோதித்திருந்தார்கள். விளிம்புகளைத் தைக்காமல் மீயொலியால் ஒட்டியிருந்தார்கள். பெய்ஜிங் ஒலிம்பிக்கில் படைத்த 25 உலக சாதனைகளில் 23 அந்த உடையில் வந்தவை. மறு ஆண்டு மற்ற நிறுவனங்கள் முழு உடையையும் பாலியூரிதேனில் செய்ததும் மிதப்பும் கூடியது. ரோம் உலகப் போட்டியில் 43 சாதனைகள். அங்கே ஜெர்மனியின் பால் பீடர்மான் 400 மீட்டரில் இயன் தோர்ப்பின் நேரத்தை நூறில் ஒரு விநாடியால் கடந்தார். 200 மீட்டரில் மைக்கேல் ஃபெல்ப்ஸையே தோற்கடித்தார். அவருடைய 3:40.07 என்ற 400 மீட்டர் நேரம் 2025 ஏப்ரல் வரை நின்றது.

ஆனாலும் அடிக்கக் கூடாது என்பேன். பீடர்மான் எந்த விதியையும் மீறவில்லை. தோர்ப் 2002-இல் அந்தச் சாதனையைப் படைத்ததும் உடல் முழுக்க மூடிய உடையில்தான். குற்றம் சர்வதேச நீச்சல் சம்மேளனமான ஃபினாவுடையது. துணி உடைக்கே திரும்புவதென்று ரோமில் பந்தயங்கள் தொடங்கும் முன்பே வாக்களித்துவிட்டார்கள். தடை நடைமுறைக்கு வந்ததோ 2010 ஜனவரி 1-இல். அந்த 43 சாதனைகளும் முடிவெடுத்த பிறகு வந்தவை!

உற்பத்தியாளர்களிடம் இவ்வளவு பொறுமை காட்டிய இதே சம்மேளனம், 2021-இல் ஒரு தொப்பியிடம் எப்படி நடந்துகொண்டது தெரியுமா? நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

சோல் கேப் என்பது பிரிட்டனில் செய்த பெரிய அளவு நீச்சல் தொப்பி. அடர்ந்த சுருள்முடியும் பின்னல்களும் வழக்கமான சிலிக்கான் தொப்பிக்குள் அடங்குவதில்லை, மேலேறிக் கழன்றுவிடும். குளோரின் பட்டால் அந்த முடி இன்னும் வறண்டுபோகும். அளவில் பெரியதான இந்தத் தொப்பியால் வேகம் கூடப்போவதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களுக்கு முன் ஃபினா அனுமதி மறுத்தது. தலையின் இயற்கை வடிவத்தை ஒட்டி இல்லையாம். சர்வதேசப் போட்டியாளர்கள் இப்படியொரு தொப்பியை அணிந்ததும் இல்லை, அவர்களுக்குத் தேவையும் இல்லையாம்.

தேவைப்பட்டவர்களை யார் உள்ளே விட்டார்கள்? சிமோன் மானுவலைப் பற்றி நான் எழுதாத ஆண்டு இல்லை என்று இந்தப் பத்தியின் வாசகர்களுக்குத் தெரியும். நீச்சலில் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் அமெரிக்கக் கறுப்பினப் பெண். அது நடந்தது 2016-இல், ரியோவில். அவ்வளவு தாமதம் தானாக வரவில்லை. 1964 ஜூனில் ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரில், ஒரு விடுதிக் குளத்தில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து இறங்கியபோது விடுதிக்காரர் தண்ணீரில் அமிலத்தை ஊற்றினார். புகைப்படம் இருக்கிறது, தேடிப் பாருங்கள். இப்படித் துரத்தப்பட்டவர்களின் பேத்திகள் குளத்துக்குத் திரும்பி வரும்போது, உங்கள் முடிக்கு ஏற்ற தொப்பி இங்கே தேவைப்பட்டதே இல்லை என்று ஒரு சம்மேளனம் சொல்லலாமா? அந்தத் தீர்ப்பை எழுதியவர்கள் எந்தத் தலையை மனத்தில் வைத்து எழுதினார்கள்?

எதிர்ப்பு கிளம்பியதும் மறுபரிசீலனை என்றார்கள். அனுமதி 2022 செப்டம்பரில்தான் வந்தது. அந்தத் தொப்பிக்காகக் குரல் கொடுத்த ஆலிஸ் டியரிங், ஒலிம்பிக் நீச்சலில் பிரிட்டனுக்காக இறங்கிய முதல் கறுப்பினப் பெண். டோக்கியோவில் அவர் 10 கிலோமீட்டர் நீந்தி முடித்து அப்போது ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.