பாட்டிக்கு ஒரு தட்டு

கலியாணத்தையும் சீமந்தத்தையும் கைப்பேசியில் படம் பிடிக்காத இல்லம் இன்று நம் நாட்டில் அரிது. ஆனால் பிடித்த படத்தைப் பாட்டியார் பார்க்க வழியுண்டா என்று கேட்டால், பல வீடுகளில் மௌனமே விடையாகக் கிடைக்கும். கைப்பேசியின் சிறு திரை அவர் கண்ணுக்கு எட்டாது. அவர் கைக்குப் பழகியது தொலைக்காட்சியின் அடியில் வீற்றிருக்கும் பழைய டி.வி.டி. பெட்டிதான். அதற்கேற்ற தட்டை வீட்டிலேயே ஆக்கிக் கொடுப்பது பெரிய வித்தையன்று. முறையறிந்தால் எவரும் செய்யலாம்.

படக் கோப்பை அப்படியே தட்டில் பிரதி செய்தால் பல பெட்டிகள் அதனை ஏற்பதில்லை. 1996-ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நாள் முதலாக இப்பெட்டி அறிந்த பாஷை எம்பெக்-2 என்பதாகும். கைப்பேசி எழுதுவதோ எச்.264 முதலிய பிற்காலப் பாஷைகளில். ஆகவே கணினியில் ஒரு மொழிபெயர்ப்பு நிகழவேண்டும். நம் நாட்டிற்குரிய 'பால்' என்னும் முறைப்படி, படம் 720-க்கு 576 புள்ளிகள்; நொடிக்கு 25 பிரேம்கள். அமெரிக்காவிலுள்ள பேரனுக்கு அனுப்புவதாயின் அந்நாட்டு முறைப்படி 720-க்கு 480 புள்ளிகள் வேண்டும். பிறகு டி.வி.டி. ஆக்கும் மென்பொருளைக் கொண்டு, பெட்டி எதிர்பார்க்கும் வரிசையில் அடுக்கி, நிதான வேகத்தில் எழுதி, முடிவில் 'பைனலைஸ்' செய்தல் அவசியம்.

சிக்கனமும் அளவோடு இருக்கவேண்டும். தட்டின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட். ஒரு மணி நேரப் படத்திற்கு நொடிக்கு 8 மெகாபிட் தாராளமாகச் செலவிடலாம். இரண்டு மணி நேரமெனில் ஒலியும் சேர்த்து 5 மெகாபிட்டுக்குள் அடங்கவேண்டும். நான்கு மணி நேரக் கலியாணத்தை ஒரே தட்டில் திணித்தால் மணமகளின் முகம் கட்டம் கட்டமாய்ச் சிதையும். தட்டைப் பெருக்குவதே மேல்.

அயல்நாட்டுப் படக் கம்பெனிகள் உலகை ஆறு மண்டலங்களாகக் கூறுபோட்டு, இந்தியாவை ஐந்தாவதில் நிறுத்தின. பிற மண்டலத்துத் தட்டு நம் பெட்டியில் ஓடாதபடி வேலியும் இட்டன. நாம் நம் கையால் ஆக்கும் தட்டுக்கு அந்த வேலி எதுவும் வேண்டுவதில்லை. சுதேசிச் சரக்கின் சுகம் இதிலும் உண்டு!

ஓர் எச்சரிக்கை. இத்தட்டின் உயிர் அதில் பூசிய சாயத்தில் இருக்கிறது. வெயிலும் உஷ்ணமும் அதனைக் கெடுக்கும். மொழிபெயர்ப்பில் படத்தின் நுட்பமும் சிறிது கழிகிறது. ஆதலால் தட்டு ஆயிற்றென்று மூலக் கோப்பை அழித்தல் தகாது. அதனை வேறிரண்டு இடங்களிலேனும் பத்திரப்படுத்துக.

1942-இல் சிறை புகுந்தவர்களுள் எத்தனை பேருடைய குரல் இன்று நம்மிடம் இருக்கிறது? அவர்கள் வாயால் அக்கதைகளைக் கேட்ட மூத்தோர் இன்னும் சில இல்லங்களில் இருக்கின்றனர். காலதாமதமின்றி அவர்களைப் பேசச் செய்து பதிவு செய்வோம். தட்டு அவர்கள் கண்டு மகிழ. மூலம் பின்னோர் கேட்டு அறிய.