பட்டி போட்டால் துரு போகுமா?

போன வாரம் விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் மாப்பிள்ளை அழைப்புக்காக ஒரு பழைய பிரிமியர் பத்மினி நின்றது. கறுப்பு வண்ணம், கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. இளைஞர்கள் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "பாத்தீங்களா சார், உங்க வண்டிக்கு அக்கா" என்றார் கூட வந்தவர். நான் கதவுக்குக் கீழே ரன்னிங் போர்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். தகடு என்றால் 'டிண்' என்று ஒலிக்க வேண்டும். இது 'தொப்' என்றது. ஊறவைத்த சுவரைத் தட்டின மாதிரி. உள்ளே தகடு இல்லை, பட்டி. அந்த வண்டியில்தான் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு புறவழிச் சாலைக்குப் போனார்கள்.

அன்று சாப்பாடு இறங்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டில் இன்னும் ஒரு அம்பாசடரோ, பியட்டோ, ஹெரால்டோ தார்ப்பாய்க்கு அடியில் தூங்குகிறது. 'ஒரு பெயின்ட் அடிச்சு எடுத்தா புதுசு மாதிரி ஆயிடும்' என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நம்பாதீர்கள்.

பட்டி என்பது பாலியெஸ்டர் பிசினும் மாவுக்கல் தூளும் கலந்த பசை. சின்ன நெளிவை நிரவி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்க அது நல்ல பொருள்தான். ஓட்டையை அடைக்க அது பொருளே அல்ல. தண்ணீரை மெதுவாக உறிஞ்சும். அதற்குப் பின்னால் இருக்கிற துருவுக்கு ஈரத்தை ஊட்டிக்கொண்டே இருக்கும். இரும்பு துருவானால் பல மடங்கு பருக்கும், நமக்குத் தெரிந்ததுதான். பழைய வீட்டுத் தளத்தில் கம்பி பருத்துக் காரை பெயர்வது அதனால்தான். அதே மாதிரி பட்டியும் ஒருநாள் கொப்புளித்துப் பெயரும். அதுவரை பெயின்ட் பளபளக்கும்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு. பத்மினிக்கும் அம்பாசடருக்கும் அது கிடையாது. அந்த வண்டிகளில் உடம்பே எலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டி மாதிரியான தகடுதான் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது போனால் அழகு போகவில்லை, முதுகெலும்பு போயிற்று.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. என் வண்டி 1978ம் வருடத்துப் பத்மினி. புதுச்சேரியில் உத்தியோகம் பார்த்தபோது 1986ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். கடற்காற்று அதைத் தின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊரான விருதுநகருக்கு வந்தபோது, 'காய்ந்த பூமி, இனி துருப் பயம் இல்லை' என்று நினைத்தேன். மழை குறைந்த ஊர் என்பதால்தானே தீப்பெட்டியும் பட்டாசும் இந்தப் பக்கம் வேர்விட்டன! ஆனால் உள்ளே புகுந்த துருவுக்கு ஊர் மாறியது தெரியவில்லை.

2021ல் ஒருநாள் சாத்தூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஆர்.ஆர்.நகர் தாண்டி ஒரு ஆட்டுக் கூட்டம் குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்றது; மனைவி உட்கார்ந்திருந்த சீட் நிற்கவில்லை. முன்பக்கம் ஒருபுறமாகச் சாய்ந்து, அவள் தலை டாஷ்போர்டில் மோதியது. நெற்றியில் நான்கு தையல். சீட்டைத் தூக்கிப் பார்த்தால் போல்ட்டும் நட்டும் நன்றாக இருக்கின்றன. அவற்றைப் பிடித்திருந்த தரைத்தகடுதான் அப்பளமாக உதிர்ந்திருந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான் ஒரு பட்டறையில் நல்ல காசு கொடுத்து 'முழு டிங்கரிங்' செய்து வாங்கியிருந்தேன்.

பிறகு ரன்னிங் போர்டைக் குடைந்தபோது உள்ளே இருந்து என்ன வந்தது தெரியுமா? காலண்டர் தாள். சிவகாசி ஆஃப்செட் அச்சகத்துக் கழிவுத் தாளைக் கசக்கி உருட்டி ஓட்டைக்குள் திணித்து, மேலே பட்டி பூசி, அதன் மேல் பெயின்ட். ஒரு தாளில் முருகன் பாதி முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். என் மனைவியின் உயிரை இரண்டு வருடம் தாங்கியது அவர்தான் போலிருக்கிறது.

முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் நான். தவறான குறிப்பின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி மறைக்கிற கையையும் பார்த்திருக்கிறேன். அதற்கு மெமோ உண்டு. இதற்கு என்ன உண்டு?

அந்தப் பட்டறைக்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "சார், பட்டி ரெண்டு வருஷம் தாங்கும். அதுக்குள்ள வித்திருக்கணும் நீங்க" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்து வாங்குகிறவன் வீட்டிலும் ஒருத்தி முன் சீட்டில்தானே உட்காருவாள்? இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் எழுபது தாண்டிய வயதில் வெல்டிங் கற்றுக்கொள்ளப் போனேன். பொழுதுபோகவில்லை என்று யாராவது நினைத்தால் அது தப்பு.

எனக்கு ஆசிரியராக வாய்த்தவர் என்னைவிட இருபது வயது இளையவர். கேட், கிரில் அடிக்கிற பட்டறை. முன்காலத்தில் பஸ் பாடி கட்டியவர். அவர் என்னை 'ஐயா' என்பார், நான் அவரை 'மாஸ்டர்' என்பேன். முதல் நாளே, "ஐயா, கேட்டுக்கு அடிக்கிற ராடு வெல்டிங்க மறந்துருங்க. வண்டித் தகடு இருபது கேஜ். ராடு வச்ச உடனே ஓட்டை விழும்" என்றார். இருபது கேஜ் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதற்கு கேஸ் வெல்டிங், இல்லையென்றால் சிஓடூ வெல்டிங் என்று இங்கே சொல்லும் மிக் வெல்டிங். இரண்டும் கற்றுக்கொடுத்தார்.

கேஸ் வெல்டிங் சுடரைப் பார்த்தபோது எனக்கு ஒரு பழைய பெயர் ஞாபகம் வந்தது. பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். வேதியியலில் லே ஷாத்லியே விதியை மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறேன். அசிட்டிலீனை ஆக்சிஜனோடு எரித்தால் 3,000 டிகிரிக்கு மேல் சூடு வரும் என்று 1895ல் சொன்னவர் அதே மனிதர்தான். ஃபூஷே, பிக்கார் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1900களின் தொடக்கத்தில் அதைக் கையில் பிடிக்கிற டார்ச்சாக்கினார்கள். விதியை ஒப்பித்ததற்கு மதிப்பெண் கொடுத்தார்கள். சுடரை யாரும் காட்டவில்லை. அதை எனக்குக் காட்ட விருதுநகர் மாஸ்டர் வரவேண்டியிருந்தது.

வேலை என்ன என்று சொல்கிறேன், நீங்களே பட்டறைக்காரரிடம் கேட்டுச் சரிபார்க்கலாம். துருப் பிடித்த இடத்தைச் சுரண்டுவது போதாது. வெள்ளையாய் மின்னுகிற நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். கையளவு ஓட்டை என்று ஆரம்பித்தால் முழ நீளம் வெட்டுவீர்கள். மனசு பதறும். அட்டையில் அளவு எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வெட்டி, வளைத்துப் பொருத்தி, முதலில் அங்கங்கே புள்ளி வைக்க வேண்டும். ஒரு புள்ளி இங்கே என்றால் அடுத்தது எதிர்ப்பக்கம். ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு ஒரே இழுப்பாக இழுத்தால் சூட்டில் தகடு அப்பளம் மாதிரி நெளியும். நான் நெளியவிட்ட தகடுகள் மாஸ்டர் பட்டறை மூலையில் ஒரு குவியல் இருக்கின்றன. பற்றவைத்ததைத் தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்து, இணைப்பில் சீலர் வைத்து, பெட்டிக்குள் மெழுகு தெளிக்க வேண்டும். முக்கியமாக, அடியில் வடிகால் துளைகளைத் திறந்துவிட வேண்டும். கம்பெனி வைத்த துளைகளைப் பட்டிக்காரர்தான் 'ஓட்டை' என்று நினைத்து அடைத்துவிடுகிறார். கதவு பீடிங் வழியாக இறங்குகிற தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று தின்கிறது.

ஒருநாள் கண்ணாடி போடாமல் ஒரே ஒரு புள்ளிதானே என்று வைத்தேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணில் மணலைக் கொட்டின மாதிரி எரிச்சல். உருளைக்கிழங்கு வெட்டி வை என்றார்கள் பக்கத்து வீட்டில். மறுநாள் கண் டாக்டர் என் வயதைக் கேட்டுவிட்டு அரை நிமிடம் பேசாமல் இருந்தார்.

பொறி விஷயத்தில் மட்டும் மாஸ்டர் கறாராக இருந்தார். "ஐயா வீட்டுக்கு சிலிண்டர் வராது" என்று சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் தீப்பெட்டி கிட்டங்கி இருக்கிறது. பட்டாசு அறைக்குள் இரும்புக் கருவியே நுழையக் கூடாது என்று வைத்திருக்கிற ஊர்ப்பக்கம் இது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆகவே எல்லாம் பட்டறையில்தான். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வைத்து, பேட்டரியைப் பிரித்து, ஈரச் சாக்கும் தண்ணீர் வாளியும் பக்கத்தில் வைத்த பிறகுதான் சுடர். வேலை முடிந்து அரை மணி நேரம் யாரும் பட்டறையை விட்டு நகரக் கூடாது. வீட்டு வாசலில் மெஷின் வாங்கி வைத்துப் பழகலாம் என்று நினைக்கிறவர்கள் இந்த ஊரில் அதைச் செய்யாதீர்கள்.

இப்போது அரசாங்கத்துக்கு வருகிறேன். அதில் இருந்தவன் என்பதால் உரிமையோடு கேட்கிறேன். 15 வருடம் முடிந்த காருக்கு மறுபதிவுக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ஆயிற்று. சரி, வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய காசுக்கு ஒரு ஸ்குரூ டிரைவரால் ரன்னிங் போர்டைக் குத்திப் பார்த்தால் என்ன? என் வண்டி காலண்டர் தாளோடு தகுதிச் சோதனையில் தேறியது. எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. ஹார்ன், விளக்கு, புகை பார்த்தார்கள். குனியவில்லை. பிரான்ஸில் 1992 முதல் கார்களுக்குக் கட்டாயத் தொழில்நுட்பச் சோதனை உண்டு. துளை விழுந்த துரு என்று அங்கே தனியாகவே குறிப்பெழுதுவார்கள். பிரிட்டனில் சோதனைக்காரர் அடியில் தட்டியும் அழுத்தியும் பார்ப்பார். சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் பிடிக்கிற இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு உளுத்திருந்தால் வண்டி தேறாது. அங்கே பட்டி பூசி ஏமாற்ற முடியாது.

நம் ஊரில் 2021ல் பழம்பெரும் வண்டிகளுக்கு ஒரு விதி வந்தது. 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். நம்பர் பலகையில் 'வி.ஏ.' எழுத்து, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றப்படாமல் அசலாக இருக்க வேண்டும். அசல் என்றால் என்ன ஐயா? புதுத் தகடு வைத்துப் பற்றவைத்த என் வண்டி அசல் இல்லை என்று ஒருவர் சொல்லலாம். பட்டியும் முருகனும் உள்ள வண்டி அசலா?

'பேசாமல் ஸ்கிராப்பில் போடுங்கள்' என்கிறார் என் மகன். மும்பையில் 2023 அக்டோபர் 30 முதல் பத்மினி டாக்சி ஒன்றுகூட ஓடக் கூடாது என்று ஆகிவிட்டது. 20 வருட வயது வரம்பு. நாள் முழுக்க ஓடுகிற வாடகை வண்டிக்கு அது நியாயமே. அவன் சொல்வதில் நேர்மை இருக்கிறது. துருவை வெட்ட மனமில்லாதவர் வண்டியை உடைக்கக் கொடுத்துவிடட்டும், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. உடைக்கவும் மாட்டேன், வெட்டவும் மாட்டேன், பூசி மினுக்கிக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவேன் என்பவரோடுதான் சண்டை.

'செலவு அதிகம்' என்பீர்கள். அதிகம்தான். பட்டிக்கு மூன்று நாள் கூலி, தகடு வேலைக்கு மூன்று வாரக் கூலி. மாஸ்டரிடம் வேலை பழகப் பையன்கள் வருவதில்லை, காரணம் நாம்தான். பெயின்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிற கை, தகடு தட்டுகிறவருக்கு நூறு ரூபாய் குறைத்துப் பேசுகிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்ததால் எழுந்த பக்கம் இது. கைவேலை தெரிந்தவருக்கு இங்கேயே மதிப்பில்லை என்றால் எங்கே போவார்?

என் வண்டியில் இடது பக்கம் முடிந்தது. சீட் போல்ட் பிடிக்கிற இடத்தில் இரட்டைத் தகடு வைத்திருக்கிறோம். மனைவி இன்னும் பின் சீட்டில்தான் உட்காருகிறாள். வலது பின் மட்கார்டுக்குள் இரண்டு இடம் பாக்கி. ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கல்யாண வண்டியின் சொந்தக்காரர் இதைப் படித்தால், ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி ரன்னிங் போர்டு நெடுக வைத்துப் பார்க்கட்டும். ஒட்டாத இடத்தில் சாக்பீஸால் கோடு போடட்டும். கோடுகளைப் பார்த்த பிறகு அவர் வந்தால், மாஸ்டரிடம் கூட்டிப் போக நான் தயார்.