எத்திரோவின் ஊழியம்



உயர்நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் வழக்காடிய நம் சபைச் சகோதரர் ஒருவர், வழக்கறிஞர் நிறுவனமொன்றின் வணிக நிர்வாகப் பொறுப்பை ஏற்கவிருக்கிறார். இந்திய பார் கவுன்சிலின் 49-ஆம் விதிப்படி, முழுநேரச் சம்பள ஊழியராகும் வழக்கறிஞர் பொதுவாக அதைப் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, வழக்காடுவதை நிறுத்திவிட வேண்டும். "கறுப்பு அங்கியோடு என் அழைப்பும் போய்விடுமோ, ஐயரே?" என்று அவர் கலங்கினார்.

யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தை இருவரும் வாசித்தோம். காலைமுதல் மாலைவரை மோசே ஒருவரே நியாயம் விசாரிக்கிறார். ஜனங்கள் காத்து நிற்கிறார்கள். எத்திரோ ஒரு வழக்கையும் தீர்க்கவில்லை. விசாரிப்பைப் பகிர்ந்தளிக்கும் ஒழுங்கைமட்டுமே கற்பித்தார். எளியவரின் சிறு வழக்கும் கேட்கப்பட அதனால் வழி பிறந்தது. பவுலும் 1 கொரிந்தியர் 12:28-இல் ஆளுகைகளை வரங்களோடு சேர்த்தே எண்ணுகிறார்.

நம் நகரத்திலும் சான்று உண்டு. 1906-இல் அர்பத்நாட் நிறுவனம் நொடித்து, பலர் சேமிப்பை இழந்தனர். மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று, 1907-இல் இந்தியன் வங்கி உருவாயிற்று. சட்டம் அறிந்தவர் வணிகத்தில் கைவைத்தது அயலாருக்கு நன்மையாயிற்று.

ஆயினும் ஓர் எச்சரிப்பு. பொருளாசையை வெறுக்கிறவர்களையே எத்திரோ தலைவர்களாகக் கேட்டார். வருமான இலக்கை எட்டுவதற்காக, கட்டணம் செலுத்த இயலாத விதவையின் கோப்பு அடியில் போடப்படுமானால், அந்த நிர்வாகம் வரமாயிராது; கண்ணியாகிவிடும். சகோதரரே, தைரியமாய்ப் போங்கள். அந்தக் கோப்பைமட்டும் மறவாதிருங்கள்.

கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.