கவிழ்ப்பு என்று எழுதாமல் விட்ட கோப்பு

எங்கள் பள்ளியில் வரலாற்றுப் பாடம் முழுவதும் பிரெஞ்சில்தான். 'கூ தெத்தா' என்ற சொல்லை 1851 டிசம்பர் 2 என்ற தேதியோடு சேர்த்தே மனப்பாடம் செய்தோம். வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜனாதிபதி லூயி நெப்போலியன் அன்றைக்கு நாடாளுமன்றத்தைக் கலைத்தார்; சரியாக ஓர் ஆண்டு கழித்துச் சக்கரவர்த்தியானார். 'கூ' என்றால் அடி. கூ த பியே என்றால் உதை. 'எத்தா' என்றால் அரசு. அரசின் மேல் விழுந்த அடி, அவ்வளவுதான். தமிழ்ப் பத்திரிகைகள் இதை 'ராணுவப் புரட்சி' என்று எழுதுவதில் எனக்கு என்றைக்கும் உடன்பாடில்லை. துப்பாக்கியைக் காட்டி நாற்காலியைப் பிடிப்பவனுக்குப் புரட்சி என்ற சொல்லை ஏன் தானம் செய்ய வேண்டும்? ஆட்சிக் கவிழ்ப்பு என்றால் போதும்.

இந்தப் பிரெஞ்சுச் சொல் அமெரிக்கச் சட்டத்திலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 2023 ஜூலை 26 அன்று நைஜரில் ஜனாதிபதி பாசூமை அவருடைய காவல் படையே சிறைவைத்தபோது, பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் நாள் முழுதும் அதே பேச்சு. நம் ஊர் சொல்தா ஒருவர், ஆப்பிரிக்காவில் இருந்துவிட்டு வந்தவர், என்னிடம் கேட்டார்: "ஏன் முசியே, ராணுவம் ஆட்சியைப் பிடித்தால் அமெரிக்கா பணத்தை நிறுத்தியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாமே, ஏன் இன்னும் நிறுத்தவில்லை?" அதற்காகத்தான் தேடிப் படித்தேன்.

சட்டம் இருப்பது உண்மை. வெளிநாட்டு உதவிக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கும் சட்டத்தில் அது ஒரு பிரிவு. இப்போது 7008, முன்பு 508. முதலில் 1985 நிதியாண்டில் எல் சால்வடாரை மட்டும் மனத்தில் வைத்து எழுதினார்கள். அங்கே அப்போதுதான் துவார்த்தே தேர்தலில் வென்றிருந்தார். ராணுவம் அவரைத் தள்ளிவிட்டால் பணம் கிடையாது என்று எச்சரிக்கை. மறு ஆண்டு அதையே எல்லா நாடுகளுக்கும் பொதுவாக்கினார்கள். முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரை ராணுவம் கவிழ்த்தால் அந்த அரசாங்கத்துக்கு நேரடி உதவி நிற்கும். மறுபடி தேர்தல் நடந்து மக்களாட்சி அரசு பொறுப்பேற்றது என்று வெளியுறவு அமைச்சர் சான்று கொடுத்தால் திரும்பக் கிடைக்கும். பசிக்குப் போகும் தானியமும் தேர்தல் நடத்தப் போகும் பணமும் பொதுவாக நிற்பதில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை; பணத்தை நிறுத்தினால் ஏழை சாவான் என்று உடனே வாதாடுகிறார்கள். நைஜர் மக்களை அந்த மாதங்களில் வாட்டியது பக்கத்து நாடுகள் எல்லையை மூடியதும், நைஜீரியா மின்சாரத்தை வெட்டியதும்.

நான் மானியப் பிரிவில் பல வருடம் கோப்பு தள்ளியவன். நிபந்தனையோடு கொடுக்கும் பணம் எப்படி வேலை செய்யும் என்று தெரியும். பயன்பாட்டுச் சான்றிதழ் வராவிட்டால் அடுத்த தவணை கிடையாது என்று உத்தரவில் இருக்கும். ஆனால் சான்றிதழ் வரவில்லை என்று யாராவது குறிப்பு எழுதி மேலே அனுப்பினால்தானே தவணை நிற்கும்? குறிப்பே எழுதாவிட்டால் கோப்பு 'பரிசீலனையில்' இருக்கும், பணம் போய்க்கொண்டிருக்கும். அமெரிக்கச் சட்டத்தைப் படித்ததும் எனக்கு அந்த மேசைதான் கண்ணில் பட்டது. 'இது கவிழ்ப்பு' என்று எத்தனை நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை.

மியன்மாரில் 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மறுநாளே வாஷிங்டன் கவிழ்ப்பு என்று அறிவித்துவிட்டது. அந்த அரசாங்கத்துக்கு நேரடியாகப் போன பணம் மிகக் குறைவு, அறிவிப்பதில் நஷ்டமில்லை. காபோனுக்கு 54 நாள் ஆயிற்று. நைஜருக்கு 76 நாள்: அகாடெஸ் நகரில் 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்துக் கட்டிய விமானத் தளம் இருந்தது அல்லவா.

எகிப்துக்கோ நாளே வரவில்லை. 2013 ஜூலை 3 அன்று ஜெனரல் சிசி ஜனாதிபதி மோர்சியை நீக்கினார். ஆண்டுக்கு 130 கோடி டாலர் ராணுவ உதவி பெறும் நாடு. கவிழ்ப்பா இல்லையா என்று தீர்மானித்தே ஆக வேண்டும் எனச் சட்டம் சொல்லவில்லை, ஆகவே தீர்மானிக்கப் போவதில்லை என்று மாதக் கடைசியில் அமெரிக்க அரசு சொல்லிவிட்டது. சட்டப்படி சரிதான். எந்த சூப்பிரண்டும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது! செனட்டர் ராண்ட் பால் பணத்தை நிறுத்தக் கொண்டுவந்த திருத்தமும் 86-க்கு 13 என்று தோற்றது. ஆகஸ்ட் 14 அன்று கெய்ரோவின் ராபா சதுக்கத்தில் பாதுகாப்புப் படைகள் நூற்றுக்கணக்கானவர்களைச் சுட்டுக் கொன்றன. அதன் பிறகுதான், அக்டோபரில், சில விமானங்களையும் டாங்கிகளையும் நிறுத்தி வைத்தார்கள். 2015 மார்ச்சில் அதையும் விடுவித்தார்கள்.

பாகிஸ்தானைப் பற்றி நம்மவர்களுக்குக் கோபம் அதிகம். 1999 அக்டோபரில் முஷாரஃப் ஆட்சியைப் பிடித்தார், தடை வந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அவர் வேண்டியவராகிவிட்டார். அப்போது அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, தடையை விலக்கும் அதிகாரத்தை ஜனாதிபதிக்குக் கொடுத்தது. ஒவ்வொரு ஆண்டும் கையெழுத்துப் போட்டு விலக்கினார்கள். அந்த விலக்கு எனக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் எகிப்து விஷயத்தை விட அது மேல் என்பேன். கவிழ்ப்பு நடந்தது என்று காகிதத்தில் இருக்கிறது, எங்களுக்குத் தேவை இருப்பதால் கொடுக்கிறோம் என்றும் இருக்கிறது, கீழே கையெழுத்தும் இருக்கிறது. நாளைக்கு யாரைக் கேட்பது என்று தெரியும். எகிப்துக் கோப்பில் யாரைக் கேட்பது?

சொல்தா நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. பணத்தை நிறுத்தியதால்தான் நைஜர் ரஷ்யர்களிடம் போனது என்கிறார். 2024 ஏப்ரலில் ரஷ்யப் பயிற்சியாளர்கள் வந்ததும், செப்டம்பருக்குள் அமெரிக்கப் படை முழுதாக வெளியேறியதும் உண்மை. ஆனால் பக்கத்து மாலியில் நைஜருக்கு முன்பே அந்தக் காற்று வீச ஆரம்பித்துவிட்டது. நைஜரில் பிரெஞ்சுக்காரர்களையும் துரத்தினார்களே, அவர்கள் எந்த 7008-ஐப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்?

இன்னொரு ஓட்டையும் உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் விழுந்தால்தான் விதி பாயும். அவரே மற்றவர்களை விழுத்தாட்டினால் பாயாது. 2021 ஜூலையில் துனிசியாவில் ஜனாதிபதி சயீத் பிரதமரை நீக்கி நாடாளுமன்றத்தை முடக்கினார், விதி அசையவில்லை. நாங்கள் பள்ளியில் படித்த லூயி நெப்போலியனும் இந்தச் சட்டத்தில் அகப்பட மாட்டார்.

இந்த ஓட்டையை அடைப்பது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாள் குறிப்பது கஷ்டமில்லை. 2023 நிதியாண்டுச் சட்டத்தில், தேசப் பாதுகாப்பு கருதி விலக்கு அளிக்கும் அதிகாரத்தையும் வெளியுறவு அமைச்சருக்குக் கொடுத்துவிட்டார்கள். இனி வாய் மூடி இருக்க என்ன காரணம்? முப்பது நாளுக்குள் கவிழ்ப்பு என்று எழுது, அல்லது இல்லை என்று எழுது. விலக்கு வேண்டுமென்றால் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடு. ஆண்டுதோறும் புதிதாக எழுதுகிற சட்டம்தானே, ஒரு வரி கூடுதலாகச் சேர்க்க அவர்களுக்கு ஒரு பிற்பகல் போதும்.