பெயர் துறந்தோம், கணக்கு எங்கே?

பொருளாதார வரலாற்றாசிரியர் கிரெகரி கிளார்க் 2014இல் வெளியிட்ட ஆய்வு, வங்காளத்தின் மருத்துவர் பதிவேடுகளிலும் நீதிபதிகள் பட்டியல்களிலும் முகர்ஜி, பானர்ஜி, சட்டர்ஜி முதலிய குலீனப் பிராமணப் பெயர்களைத் தேடியது. விடுதலைக்கும் இடஒதுக்கீட்டுக்கும் பின்னரும் அப்பெயர்கள் மக்கள்தொகைப் பங்கை மிஞ்சியே நிற்கின்றன. சமூகநிலை தலைமுறைகள் கடந்து தொடர்வதற்குக் குடும்பவழித் திறனைக் கிளார்க் காரணம் காட்டுவதை நாம் ஏற்பதற்கில்லை. அகமணமே சாதியைக் காக்கிறது என்று அம்பேத்கர் 1916இலேயே நிறுவினார்.

தமிழகத்தில் இத்தகைய தேடல் எளிதன்று. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு காட்டிய வழியில் சாதிப் பட்டங்களைத் துறந்தோம். அது நமது வெற்றி. ஆயினும் பெயரிலிருந்து நீங்கிய சாதி பதவிகளிலிருந்து நீங்கவில்லை. 1931க்குப் பின் நாடு தழுவிய முழுமையான சாதிவாரிக் கணக்கும் வெளியாகவில்லை. எனவே, உயர் நீதிமன்றங்கள் முதல் பல்கலைக்கழகங்கள் வரை சாதிவாரிப் பிரதிநிதித்துவத்தை அரசே ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் எனக் கோருகிறோம்.