இலையின் பச்சை கிழங்கின் எடை அல்ல

இலை கரும்பச்சையாக நின்றால் பயிர் தேறிவிட்டது, வெளிறினால் யூரியா போடவேண்டும் என்ற நம்பிக்கை நம் விவசாயத்தில் ஆழ வேரூன்றியிருக்கிறது. நெல்வயலில் பழகிய அந்த நம்பிக்கை மரவள்ளியோடு சேர்ந்து கொல்லிமலைக்கும் ஏறியது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில், சேலம், நாமக்கல் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளின் தேவையால் மரவள்ளி பரவியது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே சிறுதானியங்களைக் காக்கப் பாடுபட்டும் அந்தப் பரவல் நிற்கவில்லை. பயிர் மாறியபோது உரத்தைப் பற்றிய எண்ணமும் மாறியிருக்க வேண்டும், அது மாறவில்லை. மண்ணுக்கு மேலே விளையும் பயிருக்கான அளவுகோலை மண்ணுக்குள்ளே விளையும் பயிருக்கும் வைப்பது பெரும்பிழை. அந்தப் பிழையின் விலையை மலை விவசாயியும் மலை மண்ணும் சேர்ந்தே கொடுக்கின்றன.

செடி தன் இலைகளில் தயாரிக்கும் சர்க்கரைக்கு இரண்டு செலவுகள் உண்டு: புதுத் தண்டும் இலையும் விடுவது ஒன்று, வேருக்கு அனுப்புவது மற்றொன்று. வேரைச் சுற்றி, தழைச்சத்தின் (நைட்ரஜனின்) ஒரு வடிவமான நைட்ரேட் மிகும்போது வேரிலிருந்து சைட்டோகைனின் என்னும் வளர்ச்சிப் பொருள் மேலே செல்கிறது. செடி இலை விடுவதில் முனைகிறது. தழைச்சத்து குறைவாக இருந்தால், அதைத் தேடுவதற்காக வேருக்கு அதிகப் பங்கு போகிறது. மரவள்ளியில் கிழங்கு என்பது பருத்த வேர்தான். ஆகவே அளவுக்கு மிஞ்சிய தழைச்சத்து கிழங்குக்குப் போகவேண்டிய மாவை இலையாகவும் தண்டாகவும் மாற்றிவிடுகிறது. மேலிலைகள் அடர்ந்து கீழிலைகளை நிழலில் தள்ளுகின்றன. கிழங்கில் கசப்பையும் நஞ்சையும் தரும் சயனைடு சேர்மங்களும் கூடுகின்றன. ஏனெனில் அவற்றின் மூலக்கூறிலேயே நைட்ரஜன் இருக்கிறது. தோட்டம் செழிப்பாகத் தெரியும் அதே நேரத்தில் கிழங்கு மெலிந்துகொண்டிருக்கக்கூடும்.

எந்த மூட்டையிலிருந்து வந்தாலும் தழைச்சத்து தழைச்சத்துதான், எல்லாம் கடைசியில் நைட்ரேட்டாக மாறிவிடும் என்று வாதிடுவோர் உண்டு. முடிவு ஒன்றுதான் என்பதால் வழியில் நடப்பது ஒன்றாகிவிடாது. யூரியா மண்ணில் விழுந்த சில நாட்களில் அம்மோனியமாகிறது. பிறகு நுண்ணுயிரிகள் அதை நைட்ரேட்டாக்குகின்றன. அம்மோனியம் பக்கவேர்களைக் கிளைக்க வைக்கும். ஆனால் மிகுந்தால் வேரின் நீளத்தைக் குறுக்கும். வேர் அதை உடனே உட்கிரகிக்கத் தன் சர்க்கரையைச் செலவிட வேண்டும். கூடவே அமிலத்தையும் வெளிவிடும். நைட்ரேட் இருக்கும் திசையில் பக்கவேர்கள் நீளும். அது இலைக்கும் எளிதில் ஏறும். ஆனால் மண்துகள்கள் அதைப் பிடித்து வைப்பதில்லை. சரிவில் பெய்யும் ஒரு கனமழை அதை வேருக்கு எட்டாத ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். அம்மோனியம் நைட்ரேட்டாகும் ஒவ்வொரு முறையும் மண்ணில் அமிலம் சேர்கிறது. மழை மிகுந்த மலைச் செம்மண் இயல்பாகவே அமிலத்தின் பக்கம் சாய்வது. அதன் மேல் ஆண்டுதோறும் யூரியாவையே கொட்டுவது நிலத்தின் வலுவைக் கரைக்கும் செயல். 2015 முதல் நம் யூரியா வேப்பெண்ணெய் பூசப்பட்டு வருகிறது. அம்மோனியம் நைட்ரேட்டாவதைத் தாமதப்படுத்துவதே அந்தப் பூச்சின் வேலை. வடிவம் பொருட்டில்லை என்றால் அந்தப் பூச்சுக்கே தேவை இருந்திருக்காது.

அப்படியானால் யூரியாவே வேண்டாமா, வெளிறிய செடி எங்கே கிழங்கு வைக்கும் என்பது நியாயமான கேள்வி. மெலிந்த நிலத்தில் தழைச்சத்து கிழங்கையும் கூட்டும். அதை மறுக்க முடியாது. கண்டனம் அளவின்றிக் கொட்டும் பழக்கத்தின் மீதுதான். மானாவாரி மரவள்ளிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு ஹெக்டேருக்குத் தழைச்சத்து 50 கிலோ, மணிச்சத்து 65 கிலோ, சாம்பல் சத்து 125 கிலோ. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம் என்பதால், ஏக்கருக்கு 45 கிலோ மூட்டை ஒன்று போதும். சாம்பல் சத்தோ அதைப்போல் இரண்டரை மடங்கு வேண்டும், ஏனெனில் இலையின் மாவைக் கிழங்குக்கு நகர்த்துவதில் அதற்குப் பெரும் பங்குண்டு. யூரியா மலிவு, சாம்பல் சத்தைத் தரும் பொட்டாஷ் விலை அதிகம் என்பதும் உண்மை. ஆனால் மலிவான உரம் தேவையற்ற தழையை வளர்த்தால் அது மலிவு ஆகாது. தொழு எருவும், இடையே விதைக்கும் மொச்சை போன்ற பயறுகளும் தழைச்சத்தைச் சிறுகச் சிறுக விடுவிப்பவை. செடி எடுக்கும் வேகத்தோடு அவை ஒத்துப்போகும்.

சேகோ ஆலை கிழங்கின் மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் அளந்தே விலை போடுகிறது. இலையின் நிறத்துக்கு அங்கே ஒரு ரூபாயும் கிடையாது. விற்கும் இடத்தில் மாவு அளவுகோல் என்றால், உரம் போடும் இடத்திலும் அதுவே அளவுகோலாக வேண்டும். மண்ணைச் சோதித்து, அமிலத்தன்மையை அறிந்து, தழைச்சத்தைச் சாம்பல் சத்தோடு சேர்த்துத் திட்டமிடுவதுதான் முறை. இதை மலைக் கிராமங்கள் வரை கொண்டுசேர்ப்பது வேளாண் துறையின் கடமை. அது நடக்கும்வரை, வயல் பசுமையாக இருக்கிறது என்று யாரும் நிம்மதி கொள்ளக்கூடாது.