பதினாறு வாக்குகள்

2022-ஆம் ஆண்டின் திருநீற்றுப் புதன் மார்ச் 2-ஆம் நாள் வந்தது. உக்ரைன் நாட்டுக்குள் ரஷ்யப் படைகள் புகுந்து அன்று ஏழாம் நாள். அந்நாட்டின் அமைதிக்காக அன்றைய தினத்தை நோன்பிலும் செபத்திலும் கழிக்குமாறு திருத்தந்தை பிரான்சிஸ் அகிலத் திருச்சபையையும் அழைத்திருந்தார். நம் பங்கிலும் மாலைத் திருப்பலியில், சாம்பல் படிந்த விரல்களோடு நின்று, விசுவாசிகள் மன்றாட்டில் உக்ரைனின் பெயரைச் சேர்த்து வாசிக்கச் செய்தோம். அதே நாளில் நியூயார்க் நகரில் ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவை கூடி, படையெடுப்பைக் கண்டித்து, படைகள் உடனே திரும்பவேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. ஆதரித்தவை 141 நாடுகள், எதிர்த்தவை 5, வாக்களிக்காமல் ஒதுங்கியவை 35. அந்த 35-இல் நம் நாடும் ஒன்று.

திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நின்றபோது, இரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் அருகில் வந்தார். “சாமி, ரஷ்யாக்காரன் நமக்கு எவ்வளவோ செஞ்சிருக்கான். அவனுக்கு விரோதமா கோயில்ல செபம் சொல்றது சரியா?” என்று கேட்டார். நாம் எவருக்கும் விரோதமாகச் செபிக்கவில்லை என்று அப்போதைக்குச் சொல்லி அனுப்பிவிட்டோம். இரவு படுக்கப் போகும்போதுதான் அந்த விடையின் கோழைத்தனம் உறைத்தது. அடிபட்டவனுக்காகச் செபித்தோம், அடித்தவன் இன்னான் என்று சொல்லாமல் மழுப்பினோம். ஒதுங்கியவர் 35 என்று எண்ணிச் சொன்னார்களே, 36-ஆவது ஆள் நாமே.

முதியவரின் நன்றியுணர்வை நாம் இகழவில்லை. 1971-இல் வங்கதேசப் போரின்போது பாதுகாப்பு அவையில் நமக்காகத் தன் தடைவாக்கைப் பயன்படுத்தியது சோவியத் ஒன்றியம். மாஸ்கோவில் அச்சாகிக் கொள்ளை மலிவாக வந்த தமிழ் நூல்களைக் குருமடத்தில் பாடநூலுக்கு அடியில் மறைத்துவைத்து நாமும் படித்ததுண்டு. ஆனால் சோவியத் ஒன்றியம் வேறு, ரஷ்யா வேறு. நம் விமானப்படை பல பத்தாண்டுகள் நம்பியிருந்த ஏ.என்.-32 சரக்கு விமானங்கள் உக்ரைனின் தலைநகரான கீவில் செய்யப்பட்டவை. நன்றிக்கடன் என்று ஒன்று உண்டெனில் அதில் ஒரு பங்கு உக்ரைனுக்கும் உரியதன்றோ? பாரதியார் ‘புதிய ருஷியா’ பாடவில்லையா என்று கேட்பார்க்கும் ஒரு சொல்: அவர் பாடியது ஜார் மன்னன் வீழ்ந்ததை, பேரரசு தழைத்ததை அன்று.

‘இரண்டு வெள்ளைக்காரர்கள் அடித்துக்கொள்கிறார்கள், நமக்கென்ன?’ என்றவர் பலர். இதைச் செங்கற்பட்டுக்காரர் ஒருவர் சொல்லக் கேட்டதே நமக்கு வியப்பு. இரண்டு வெள்ளைக்காரர்கள் அடித்துக்கொண்ட களமே நம் ஊர். 1752-இல் ராபர்ட் கிளைவ் கோவளத்தையும் அடுத்துச் செங்கற்பட்டுக் கோட்டையையும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தான். 1780-இல் ஹைதர் அலியின் குதிரைப்படை இச்சீமையில் புகுந்தபோது ஊர்கள் ஆளற்றுப் போயின. அச்சண்டைகளில் ஒன்றேனும் இவ்வூர் உழவனுடையது அன்று. எரிந்தது மட்டும் அவனுடைய வைக்கோற்போர். அன்று உலகத்தில் எங்கோ ஓர் ஊரார், ‘தொலைதூரத்துச் சண்டை, நமக்கென்ன?’ என்று சொல்லியிருப்பார்கள்.

உண்மையில் நமக்கு அந்தப் போரின்மீது சில வாரங்கள் அக்கறை இருக்கத்தான் செய்தது. மருத்துவம் படிக்கச் சென்ற நம் பிள்ளைகள் அங்கே சிக்கியிருந்தார்கள். கார்க்கீவ் நகரில் உணவு வாங்கப் போன கர்நாடக மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் மாண்டார். 20,000-க்கு மேற்பட்ட இந்தியர் மீட்கப்பட்டு வந்தனர். விமான நிலையத்தில் தாய்மார் அழுததைத் தொலைக்காட்சியில் பார்த்து நாமும் அழுதோம். பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். போர் முடிந்துவிட்டது, நமக்கு.

அரசுகளுக்கு ஆயிரம் கணக்குகள் உண்டு. படைக்கலன் ரஷ்யாவிலிருந்து வருகிறது. வடக்கு எல்லையில் சீனம் நிற்கிறது. போருக்கு முன் நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு நூற்றுக்கு 2-க்கும் குறைவு. 2023-இல் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. மலிவு எண்ணெய் மக்களுக்காக என்றார்கள். சென்னையில் பெட்ரோல் விலை 2022 மே மாதம் முதல் 2024 மார்ச் வரை லிட்டர் 102 ரூபாய் 63 காசைவிட்டு அசையவில்லை. இருக்கட்டும், அரசின் நாவுக்கு ஆதாயம் பூட்டுப் போடும் என்பது உலகறிந்தது. நாம் கேட்பது வேறு. அரசு ஒதுங்கியது என்பதற்காக, எண்ணெய்க் கப்பல் ஒன்றும் வாங்காத நம் மனச்சான்று ஏன் ஒதுங்கவேண்டும்?

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் அந்தப் போர் நம் வாசலுக்கே வந்தது. நாம்தான் பார்க்கவில்லை. 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடு ரஷ்யாவில் நடக்கவேண்டியது. படையெடுப்பின் காரணமாக அங்கிருந்து எடுக்கப்பட்டு, மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிக்கு வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் வேட்டி கட்டிய ‘தம்பி’ குதிரை கைகூப்பி நின்றது. சென்னையில் நேப்பியர் பாலமே சதுரங்கப் பலகையாயிற்று. 180-க்கு மேற்பட்ட நாட்டினர் வந்தனர். ரஷ்ய அணிக்கும் பெலாரஸ் அணிக்கும் அனுமதியில்லை. நமக்கு வாய்த்த திருவிழா எவருடைய இழவு வீட்டின் விலையில் வாய்த்தது என்று அந்நாள்களில் நாம் எவரும் பேசிக்கொள்ளவில்லை.

பெண்கள் பிரிவில் தங்கம் வென்றவர்கள் உக்ரைன் பெண்கள். தாய்நாட்டின்மீது குண்டு விழுந்துகொண்டிருக்க, நம் கடற்கரையில் அமர்ந்து காய் நகர்த்தி வென்றார்கள். அடுத்த ஞாயிறன்று நம் இளைஞர் கூட்டத்தில், ‘பெண்கள் பிரிவில் தங்கம் யாருக்கு?’ என்று கேட்டோம். நம் பெண்களுக்கு வெண்கலம் என்பதைப் பதினைந்து பேரும் அறிந்திருந்தனர். தங்கம் யாருக்கு என்பதை ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. அதே ஆகஸ்டு 7-ஆம் நாள் சென்னையில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவர் தேர்தல். ஒருபுறம் ரஷ்யாவின் துணைப்பிரதமராக 2012 முதல் 2018 வரை இருந்த அர்க்காடி துவார்க்கோவிச். மறுபுறம் உக்ரைன் கிராண்ட்மாஸ்டர் ஆந்திரே பாரிஷ்போலெத்ஸ். வாக்குகள் 157-க்கு 16. முன்னவரோடு நம் விசுவநாதன் ஆனந்த் துணைத்தலைவரானார். ஊரெல்லாம் அதுவே பேச்சு. நியாயம் பேசவேண்டும்: துவார்க்கோவிச் போரின் தொடக்க நாள்களில் அதற்கு எதிராகச் சில சொற்கள் கூறி, தம் நாட்டில் ஏச்சுப்பட்டு, பெரும் பொறுப்பு ஒன்றையும் விட்டு விலகியவர். அவரைத் தேர்ந்ததற்கு நிர்வாகக் காரணங்களும் இருந்திருக்கும். ஆயினும் பலகை முன் அமரவந்த ரஷ்ய வீரருக்குத் தடை, தலைமை நாற்காலிக்கு மட்டும் 157 வாக்கு என்ற அந்த ஏற்பாட்டில் உலகின் ‘கண்டனம்’ என்ன எடை தாங்கும் என்பது தெரிந்துபோயிற்று. கண்டனம் கீழ்ப்படியில் இருப்பவன்மேல் விழுகிறது.

இதைக் கண்டு நமக்குக் கூச்சம் வராததற்குக் காரணம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது என்று ஐயுறுகிறோம். படையெடுப்பு என்பது தமிழனுக்குப் புகழ்ச்சொல். மாமல்லபுரம் என்ற பெயரே யாருடையது? 642-இல் வாதாபியை அழித்த மாமல்லன் நரசிம்மவர்மனுடையது. ‘வாதாபி கொண்டான்’, ‘கடாரம் கொண்டான்’ என்ற விருதுகளைச் சொல்லி மேடையில் கைதட்டு வாங்குகிறோம். கலிங்கத்துப்பரணியைப் பள்ளியில் நெட்டுருச் செய்தோமே, கலிங்கத்து விதவை எவளையேனும் நினைத்தோமா? கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்தைக் கண்ணீரோடு படித்தவர்களில் நாமும் ஒருவர்; வாதாபி எரிந்தபோது நிறைவோடு புத்தகத்தை மூடியவர்களிலும் ஒருவர். அதற்கு முன் புலிகேசி காஞ்சிவரை வந்தான் என்பார்கள். வந்தான்தான். எல்லாப் படையெடுப்புக்கும் ஒரு முன்கதை உண்டு. மாஸ்கோவும் ஒரு முன்கதை சொல்லிற்று.

‘அமெரிக்கா ஈராக்கில் செய்யவில்லையா?’ என்பது அடுத்த கேள்வி. செய்தது. 2003-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அப்போரை வெளிப்படையாக எதிர்த்து, கர்தினால் பியோ லாகியை அதிபர் புஷ்ஷிடம் தூது அனுப்பினார். நம் மக்களவையும் அவ்வாண்டு ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. கண்டனம் என்றும் வருத்தம் என்றும் அவரவர் விருப்பப்படி பொருள் கொள்ளத்தக்க ‘நிந்தா’ என்ற இந்திச் சொல்லைத் தேடிப் பிடித்தார்கள். (தமிழில் நிந்தை என்றால் நிந்தைதான்.) மழுப்பலாயினும் அன்று வாய் திறந்தோம். பாக்தாதுக்காகத் திறந்த வாய் கீவுக்கு மூடிக்கொண்டால், அன்று பேசியது ஈராக்கின்மீது கொண்ட அன்பா, அமெரிக்காமீது கொண்ட பகையா? கீவுக்காக அழுத மேலைநாட்டார் பலரும் காஸாவுக்கு அழ மறந்தது போன்றதே இதுவும்.

இவையெல்லாம் எளிதில் விடை சொல்லக்கூடியவை. விடை சொல்லத் திணறிய கேள்வி அந்த இளைஞர் கூட்டத்தில்தான் வந்தது. பொறியியல் படித்த தம்பி ஒருவர் எழுந்து, “ஃபாதர், வன்னியில் குண்டு போட்ட மிக்-27 விமானங்கள் எங்கிருந்து வந்தவை?” என்றார். உக்ரைனிலிருந்து இலங்கை வாங்கியவை. அவர் விடவில்லை. “2009 மே 27-இல் ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவையில் என்ன நடந்தது?”

நடந்தது இது. முள்ளிவாய்க்காலின் புகை அடங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. இலங்கை அரசைப் பாராட்டும் தீர்மானத்துக்கு ஆதரவு 29, எதிர்ப்பு 12, ஒதுங்கியவை 6. ஒதுங்கிய ஆறில் உக்ரைன் ஒன்று. நம் பிணங்களை எண்ணவேண்டிய வேளையில் அந்நாடு வேறுபக்கம் பார்த்தது. எண்ணியவர் ஒரு கத்தோலிக்க ஆயர்: மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, அரசின் ஆணைக்குழு முன் 2011 சனவரியில் நின்று, அரசின் பதிவேடுகளையே எடுத்துக்காட்டி, 1,46,679 பேர் என்ன ஆயினர் என்று கேட்டார். ‘எங்களுக்கு ஒதுங்கியவனுக்கு நாங்கள் ஏன் அழவேண்டும்?’ என்ற தம்பியின் கேள்வியில் வெறுப்பு இல்லை. ஆறாத புண் இருந்தது. அதை மறையுரைச் சொற்களால் மூடுவது பாவம்.

அவரிடம் அன்று சொன்னதை இங்கும் சொல்கிறோம். ஜெனீவாவில் ஒதுங்கிய உக்ரைனை மன்னிக்க இயலாதெனில், அன்று இலங்கையை ஆதரித்துக் கை தூக்கிய 29-இல் ரஷ்யாவும் இருந்தது. நம் இந்தியாவும் இருந்தது. அந்தக் கணக்கைக் கடைசிவரை போட்டால் நாம் செபிப்பதற்கு உலகில் எந்த நாடும் மிஞ்சாது, நம் நாடு உட்பட. மேலும், புச்சாவில் தெருவோரம் பிணமாகக் கிடந்தவர் எவரும் மிக் விமானம் விற்றவர் அல்லர். ஒதுங்குவது எவ்வளவு கொடிது என்பதை உலகில் ஈழத்தமிழரையும் அவர்தம் உறவினரான நம்மையும்விட அறிந்தவர் யார்? அறிந்தவர்களே ஒதுங்கினால், 2009-இல் உலகம் செய்தது சரி என்று நாமே தீர்ப்பெழுதியதாகாதா?

2019 அக்டோபரில் இதே மாமல்லபுரத்தில், வெண்ணெய் உருண்டைப் பாறையின் முன் நம் பிரதமரும் சீன அதிபரும் கைகோத்து நின்றார்கள். எட்டு மாதம் கழித்துக் கல்வானில் நம் வீரர் 20 பேர் மாண்டனர். அவருள் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர் ஒருவரும் உண்டு. அன்று உலகம் நமக்காகப் பேசவேண்டும் என்று நாம் எதிர்பார்த்தோம் அல்லவா?

இறையியல் பேசி இதிலிருந்து நழுவுவாரும் உளர். திருச்சபை போரையே எதிர்க்கிறது, ஆகவே இருதரப்பும் ஒன்றே என்பார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் அப்படிச் சொல்லவில்லை. அமைதி வழிகளெல்லாம் தீர்ந்தபின் தற்காத்துக்கொள்ளும் உரிமையை எந்த நாட்டுக்கும் மறுக்க இயலாது என்கிறது; நகரங்களை மக்களோடு அழிப்பதைக் கடவுளுக்கும் மனிதருக்கும் எதிரான குற்றம் என்கிறது. ‘அனைவரும் உடன்பிறந்தோர்’ மடலில் திருத்தந்தை பிரான்சிஸ், நீதியான போர் என்று இக்காலத்தில் ஒன்றைச் சுட்டுவதே அரிது என எழுதியது உண்மை. அது படை நடத்துவோர்க்கு விடுத்த எச்சரிக்கை. வீடு எரிந்தவனுக்குச் சொன்ன உபதேசம் அன்று. மறைந்த திருத்தந்தையே 2024 மார்ச்சில் வெள்ளைக்கொடி பற்றிப் பேசி உக்ரைன் மக்களின் மனத்தைப் புண்படுத்தினார். அவர் சொல் ஒவ்வொன்றும் தவறா வரம் பெற்றதன்று என்பதைக் குருமடத்து முதலாண்டு மாணவரும் அறிவார். படையெடுப்பின் மறுநாளே தூதரை வரவழைக்காமல் தாமே ரஷ்யத் தூதரகத்துக்குச் சென்றவரும் அவரே. நாம் அந்தத் திருத்தந்தையைப் பின்பற்றுவோம்.

எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனை ஒதுங்கிக் கடந்தவர் இருவரும் அவனை அடிக்கவில்லை. அவர்களுக்கும் காரணங்கள் இருந்திருக்கும். முதலில் ஒதுங்கியவர் குரு என்பதை எழுதும்போது நம் கை கூசுகிறது.

சில மாதங்களுக்கு முன் பங்குப் பேரவையில், ‘உக்ரைன்’ பழைய செய்தியாகிவிட்டது, மன்றாட்டுத் தாளிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். எதிர்த்தவர் இல்லை, பலர் பேசாதிருந்தனர். நாம் எடுக்கவில்லை. அதற்குக் கீழே காஸாவும் மணிப்பூரும் முள்ளிவாய்க்காலும் எழுதப்பட்டிருக்கின்றன. முதல் வரியில் இப்போது, படையெடுத்த நாடு எது என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. மறுப்புடையோர் பங்கு அலுவலகத்துக்கு வரலாம். அந்த இரயில்வே முதியவர் சென்ற வாரம் வந்தார். இரண்டு மணி நேரம் பேசினோம். அவர் ஒப்பவில்லை, ஆனால் அடுத்த ஞாயிறு மன்றாட்டைத் தாமே வாசிப்பதாகச் சொல்லித் தாளை வாங்கிச் சென்றிருக்கிறார்.